வண்டிக்கு முட்டு வைத்த கல்

"பொட்டப்பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதீரே மச்சான், நாளைக்கு இவளுக்குச் சாமி பயம் இருக்குமா வே?" என்று என் அப்பாவிடம் கேட்டவர் அத்தையின் கணவர். அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. மாமாவுக்குச் சாமி பயம் நிறைய உண்டு. அது எவ்வளவு என்பதை அந்த வருஷத்து ஆடி அமாவாசையில் பார்த்தேன்.

அத்தைக்கு ஒரு நேர்த்திக்கடன் என்று ஆழ்வார்குறிச்சியிலிருந்து கூண்டு வண்டியில் பாபநாசம் போனோம். அத்தை நடக்கக்கூடாதாம், வழியெல்லாம் வைக்கோல் மெத்தையில் படுத்தே வந்தாள். கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தது ஆற்றுக்கு இறங்கும் சரிவில்தான். வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்து, வண்டிக்கு முன்னால் நீளும் ஏர்க்காலை ஒரு கம்பில் தாங்க வைத்தார். ஒரு சக்கரத்துக்குப் பின்னால் செங்கல் துண்டு. மற்றதற்கு ஆற்றில் பொறுக்கிய வழவழப்பான கருங்கல். பிறகு அவரும் அப்பாவும் மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போனார்கள். அத்தை உள்ளே தூங்கினாள். நான் காவல்.

குளித்து ஈரப் புடவையோடு மேலேறி வந்த ஒருத்தி அந்தக் கருங்கல்லைப் பார்த்தாள். கையிலிருந்த மஞ்சளைப் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். பின்னால் வந்தவள் அரளிப்பூ வைத்தாள். அதற்கப்புறம் வந்தவர்கள் யோசிக்கவே இல்லை. கற்பூரம் ஏற்றும் அளவுக்குப் போனபோது, குளிக்கப் போயிருந்த மாமா திருநீறு பூசி வந்து சேர்ந்தார்.

"அடப்பாவி! சாமி மேலயா சக்கரத்த ஏத்தி வச்சிருக்கான்?"

"மாமா, அது முட்டுக்கல்லு. எடுத்தா வண்டி போயிரும்."

"சும்மா கெட, பெரிய படிப்புக்காரி!"

கன்னத்தில் போட்டுக்கொண்டு, அசைத்து அசைத்துக் கல்லை உருவிவிட்டார்.

செங்கல் நொறுங்கியது. கம்பு சரிந்தது. வண்டி அத்தையோடு பின்பக்கமாக ஆற்றை நோக்கி இறங்கியது. அந்த நேரத்திலும் கல்லைப் பதனமாகத் தரையில் வைத்துவிட்டுத்தான் மாமா ஏர்க்காலைப் பிடித்தார். பிடித்து நேராக இழுத்தார். வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் தெரு மேட்டில் வண்டிக்காரர் வண்டியைத் திருப்புவதைத் தினமும் பார்த்தவள் நான். "இழுக்காதீய மாமா! அங்கன, பக்கவாட்டுல தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே ஏர்க்கால் நுனிக்குத் தோள் கொடுத்தேன். அவரும் தள்ளினார். வண்டி சரிவுக்குக் குறுக்கே திரும்பி, ஒரு குலுக்கலோடு நின்றது.

"ஊர் வந்துட்டா?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

மாமா ஓடிப்போய்க் கல்லின் முன் விழுந்தார். "காப்பாத்திட்டியே, அப்பனே!" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். என் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணாச்சி, அது நான் ஆத்துல பொறுக்கின கல்லுல்லா!" என்று வண்டிக்காரர் வந்து சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. ஒரு கல்லுக்காக இப்படியும் அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பிள்ளை உண்டாகியிருந்தாள். கண்பட்டுவிடும் என்று பெரியவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பிள்ளை பெண்ணாகப் பிறந்தாள். பள்ளியில் சேர்க்கும் வயதும் அவளுக்குத் தாண்டிக்கொண்டிருக்கிறது. மாமா இன்னும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்கிறேன். நேற்று அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு அத்தை மகளைக் கையோடு கூட்டிப் போய், முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டேன்.