கைதிகளுக்கு ஒரு கூடை கொய்யா

உங்கள் அத்தை இத்தாலிக்காரர்களுக்குக் கொய்யாப்பழம் கொடுத்ததைப் பற்றித் தெருவில் யாராவது சிரித்துப் பேசினால், நீங்கள் ஓடிவந்து என்னைக் கேட்கிறீர்கள். நானும் சொல்ல ஆரம்பிக்கிறேன், பாதியில் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. அதனால் இப்போது எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் பெங்களூர் நீலசந்திராவில் ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடுகளில் இருந்தோம். ஒன்றில் நானும் உங்கள் அம்மாவும். அடுத்ததில் என் அக்காவும், அதாவது உங்கள் அத்தையும், அவள் மாமியாரும். அத்தான் பட்டாளத்தில் இருந்தார். துப்பாக்கி தூக்குவதைவிடப் பாலம் கட்டுவதும் ரோடு போடுவதும்தான் அவருடைய படையின் வேலை. கப்பலேற்றி மலேயாவுக்கு அனுப்பினார்கள். அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் ஜப்பான்காரன் அங்கே இறங்கிவிட்டான். மலேயா போயிற்று, சிங்கப்பூர் போயிற்று, பர்மாவும் போயிற்று. அத்தானைப் பற்றி ஒரே ஒரு தந்தி வந்தது. ஆளைக் காணவில்லை, கைதியாகப் பிடிபட்டிருக்கலாம் என்று. பிறகு ஒரு சேதியும் இல்லை.

யுத்தம் நடந்த இடங்கள் எங்களுக்கு வெகுதூரம். பெங்களூரில் ஒரு குண்டு விழவில்லை. ஆனால் பர்மா போனதும் அரிசி போயிற்று. அங்கிருந்து வந்த மலிவு அரிசியில்தான் எங்கள் மாதிரி வீடுகளில் உலை கொதித்துக்கொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவிடம் அக்கா ராகி முத்தே, அதாவது கேழ்வரகுக் களி உருண்டை, கிண்டக் கற்றுக்கொண்டாள். அவள் மாமியார் அதைக் கடித்து மென்று தின்னப் பார்த்தார். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதற்கு, "விழுங்கறதுக்கு நான் என்ன பாம்பா?" என்று கேட்டார்.

நான் கண்டோன்மெண்டில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை செய்தேன். கைதி முகாமுக்கும் எங்கள் கடை ரொட்டிதான் போனது. ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிக்காரர்களை இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஊர்க்காரருக்கு விற்கிற ரொட்டியில் கண்டதையும் கலந்த பழுப்பு மாவு. கைதி ரொட்டிக்கு மட்டும் நல்ல மாவு தனியாக வரும். எங்கள் அடுப்பு மேஸ்திரி, "தோத்தவனுக்கு வெள்ள ரொட்டி, ஜெயிக்கிறவனுக்குத் தவிட்டு ரொட்டி. நானும் போயி தோத்துட்டு வரேண்டா" என்பார். பிடிபட்ட சிப்பாய்க்கு இன்னின்னது தரவேண்டும் என்று தேசங்கள் கூடி ஒப்பந்தம் செய்திருந்தன. நம் ஆட்கள் அவர்களிடமும் கைதியாக இருந்ததால் இரண்டு பக்கமும் அதை ஓரளவு மதித்தார்கள். ஜப்பான் அதற்கு முழுதாகக் கட்டுப்படவில்லை என்று கடைக்கு வரும் பேப்பரில் படித்தேன். அக்காவிடம் ஒப்பந்தம் இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.

கைதிகளில் ஒரு கூட்டத்தை எங்கள் தெருவுக்கு அப்பால் இருந்த பட்டாள மைதானத்தில் கால்வாய் வெட்டக் கூட்டிவருவார்கள். நடுவில் ஒரு முள்கம்பி வேலி. எங்கள் காம்பவுண்டில் ஒரு கொய்யா மரம் இருந்தது. ஒருநாள் அக்கா ஒரு கூடைப் பழத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றுவிட்டாள்.

காவலுக்கு நின்ற சிப்பாய் வேலூர்ப் பக்கத்து ஆள். "ஏ தங்கச்சி, ஆர்டர் இல்ல. தள்ளிப் போ" என்றான்.

"பழந்தாண்ணே. கத்தியா குடுக்கறேன்?"

"தொர பாத்தா என் வேல போயிடும்."

"அப்ப நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே தின்னுங்க."

அவன் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பழம் கம்பி வழியாகப் போயிற்று. முதலில் வாங்கினவன் சிவப்புத் தாடிக்காரன். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கடித்தான். அக்கா வீட்டுக்கு வந்து, "நம்மள மாதிரியே போடறான்டா" என்று ஆச்சரியப்பட்டாள்.

அதிலிருந்து கைதிகள் வந்த நாளெல்லாம் அவள் போனாள். பழம் இல்லாத பருவத்தில் அவித்த வேர்க்கடலை. குழாயடியில் சும்மா விடுவார்களா? "என்னம்மா, இத்தாலி மாப்பிள்ளைக்குப் பலகாரம் போவுதா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, உன் மாப்பிள்ளைக்குத்தான் சாராயக்கடையிலயே எல்லாம் கெடைக்குதே" என்று அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாமியாரும் விடவில்லை.

"எம் புள்ள அங்க என்னத்தத் தின்றானோ. நீ இங்க எதிராளிக்குத் தட்டு நீட்டற."

அன்றைக்கு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். எதற்காகக் கொடுக்கிறாள் என்பதை அப்போதுதான் சொன்னாள்.

"ஜப்பான்காரனும் இத்தாலிக்காரனும் கூட்டாளிதானே? நீதானே பேப்பர் படிச்சுச் சொன்ன."

"ஆமாக்கா. ஜெர்மனியும் சேத்து மூணு பேரு."

"இவங்க ஊருக்குக் கடுதாசி போடறாங்க இல்ல? பெங்களூர்ல ஒருத்தி பழம் குடுத்தான்னு எழுதுவாங்க. அந்த ஊர்ப் பெரியவங்க கூட்டாளிகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்களா? எங்க ஆளுங்கள அங்க நல்லா வெச்சிருக்காங்க, நீயும் அவங்க ஆளுங்களப் பாத்துக்கோன்னு?"

ராஜாக்களும் மந்திரிகளும் அப்படியெல்லாம் பேசிக்கொள்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லுவாங்க" என்றேன். அவளுக்கு அப்போது புருஷனுக்காகச் செய்ய முடிந்த காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பிடுங்குவது?

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. மாமியார் முணுமுணுப்பது நிற்கவில்லை. ஆனாலும் அணில் கடித்த பழம் எது, நல்ல பழம் எது என்று கூடையில் பிரித்து வைத்ததும் அவர்தான். நான் கவனித்தேன்.

ஒருநாள் மத்தியானம் கடையில் ஒரே ஆரவாரம். இத்தாலி சரணடைந்துவிட்டது. முதலாளி எல்லோருக்கும் பன் கொடுத்தார். மூன்று பேரில் ஒருவன் விழுந்தான், இனி மற்ற இரண்டும் விழும், அத்தான் சீக்கிரம் வந்துவிடுவார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இத்தாலி கை தூக்கிடுச்சு! சண்டைய விட்டுட்டாங்க!"

"விட்டுட்டாங்கன்னா?"

"நம்ம பக்கமே சேந்துடுவாங்கன்னு பேசிக்கறாங்க."

"அப்ப ஜப்பான்காரனோட இருந்த சிநேகம்?"

"அது முடிஞ்சுபோச்சு. இனிமே பகைதான்."

கீரையைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "ஏன்டா, இன்னும் கொஞ்ச நாளு இருந்திருக்கக் கூடாதா அவங்க?" என்றாள்.

கண்டோன்மெண்டு முழுக்கக் கொண்டாடிய நாளில் இத்தாலி தோற்றதற்கு அழுத ஒரே ஆள் என் அக்காவாகத்தான் இருப்பாள். அவள் கணக்கில் அந்தத் தாடிக்காரன் வழியாகத்தான் ஜப்பான்காரன் காதுக்கு ஒரு பாதை இருந்தது. அந்தப் பாதை மூடிவிட்டது. மறுநாள் அவள் வேலிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பழம் மரத்தடியில் விழுந்து எறும்பு மொய்த்தது.

மாமியார் இரண்டு மூன்று நாள் பொறுத்தார். பிறகு அவர்களுக்குள் நடந்த பேச்சை நான் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏண்டி, இன்னிக்கும் போவலியா?"

"எதுக்குப் போவணும்? நீங்கதானே எதிராளின்னு திட்டுவீங்க. இப்ப எதிராளியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ இங்க நிறுத்தின மாதிரி அங்க ஒருத்தர் நிறுத்திட்டா?"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினார். எழுபதை நெருங்கும் வயசு. நான் வருகிறேன் என்றேன். "நீ சைக்கிளத் தொடச்சிக்கிட்டிரு" என்றார்.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கூடை காலியாக இருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"அந்தத் தாடிக்காரன் பழத்த வாங்கிட்டுத் திங்காமலே நின்னான்" என்றார். "என்னாச்சுன்னு காவக்காரன கேட்டேன். இவன் ஊர்ல இப்ப ஜெர்மன்காரன் பூந்துட்டானாம். கூட்டாளியா இருந்தவனே புடிச்சிக்கிட்டானாம். ஆத்தாகிட்டேருந்து இனிமே கடுதாசி வராதாம்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஏம்ப்பா, சண்டைதான் முடிஞ்சுபோச்சே, நம்ம சிநேகிதனாயிட்டானே, அப்புறம் இன்னும் ஏன் அவன வேலிக்குள்ளயே வெச்சிருக்காங்க?"

கப்பல் இல்லை என்றேன். இருக்கிற கப்பலெல்லாம் புதுச் சிப்பாய்களையும் குண்டுகளையும் கொண்டுபோகவே போதவில்லை. சிநேகிதனை வீட்டுக்கு அனுப்ப ஒரு கப்பல் காலியாக வேண்டும்.

"அப்ப அவனையும் அவன் ஆத்தா காணோம்னுதான் தேடிக்கிட்டிருப்பா" என்றார்.

அக்கா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். அதன் பிறகு கூட்டாளி, கடுதாசி, பெரியவர்கள் என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எதற்காகப் போகிறாய் என்று நானும் கேட்கவில்லை. மேஸ்திரி மட்டும், "இப்பதான் அவங்க நம்ம ஆளாச்சே, இனிமே தவிட்டு ரொட்டிதான் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யுத்தம் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒருவழியாக முடிந்த பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மைதானத்துக்கு வரும் கைதிகள் ஒருநாள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. தாடிக்காரன் ஊர் போய்ச் சேர்ந்தானா, அவன் அம்மா இருந்தாளா, ஒன்றும் தெரியாது.

அத்தான் பிழைத்திருக்கிறார் என்ற தந்தி அதற்கும் முன்னால் வந்துவிட்டது. அவர் வந்து இறங்கிய அன்று கண்டோன்மெண்டு ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம். எங்களைத் தாண்டி இரண்டு தரம் நடந்துபோன ஒரு மனிதரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் தரம் மாமியார்தான், "டேய்" என்றார். குரல் கேட்டதும் அவர் நின்றுவிட்டார்.

நீங்கள் இப்போது பார்க்கிற உங்கள் மாமா சிரிக்கிறார், சீட்டாடுகிறார். வந்த புதிதில் அவர் அப்படி இல்லை. தட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கையால் மறைத்துச் சாப்பிடுவார். பூசைக்குக் கோயிலுக்கும் வரமாட்டேன் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

கொய்யா விஷயத்தைத் தெருக்காரர்கள்தான் அவரிடம் சொன்னார்கள், சிரித்துக்கொண்டே. அவர் வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்து, "நெசமா?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன்.

"நெசந்தான். அங்க உங்களுக்கு யாராவது குடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. "யாராவது ஏதாவது குடுத்தாங்களா?"

நாலு வருஷமாக அவள் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றுதான்.

"ஒரு தடவ" என்றார் அத்தான். ரோடு வேலையில் இருந்தபோது, காட்டுப் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கு வந்து அவர்கள் நடுவில் விழுந்ததாம். அவித்தது, சூடு ஆறவில்லை. யார் எறிந்தது என்று இவர்கள் பார்க்கவில்லை. காவலாளிகள் பார்த்துவிட்டார்கள். புதருக்குள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். "அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. நாங்க கெழங்கத் தின்னுட்டோம். அடி நிக்கறதுக்குள்ளயே தின்னுட்டோம்."

"ஆம்பளையா, பொம்பளையா?" என்றாள் அக்கா.

"தெரியல."

"சீனாக்காரங்களா, மலாய்க்காரங்களா, ரப்பர்த் தோட்டத்து நம்ம ஆளுங்களா?"

"ஒண்ணுந் தெரியல. அடுத்த நாள் எங்கள வேற எடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க."

இங்கே காவல்காரன் தள்ளிப் போ என்றதோடு சரி, அக்காவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதை அவள் நினைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை இருக்கிறதல்லவா? கண்காணாத இடத்தில் செத்தவர்களுக்கு அதன் அடியில்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மாமியார் ஒரு மெழுகுவத்தியை எடுத்து வைத்துக்கொண்டு, "எம் புள்ளைக்குக் கெழங்கு குடுத்து அடிபட்ட ஆத்துமாவுக்கு" என்றார்.

"அங்க ஏத்தக் கூடாது" என்றாள் அக்கா. "செத்துட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அவ்வளவு அடிய வாங்கிட்டு எப்படிடி இருப்பாங்க?"

"இவரையும் இருக்க மாட்டாருன்னுதானே ஊர் சொல்லிச்சு?"

"சரி, எங்கதான் ஏத்தச் சொல்ற?"

"கோயில்ல, மாதா பீடத்துல. உயிரோட இருக்கறவங்களுக்கு ஏத்தற எடத்துல."

மாமியார் விடவில்லை. செத்த ஆத்துமாவாக இருந்தால் அடுத்த கல்லறைத் திருநாள்வரை ஜெபம் இல்லாமல் போய்விடும் என்றார். உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர்களோடு சேர்ப்பது அதைவிடப் பாவம் என்றாள் அக்கா. எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. பூக்கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அத்தான் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். தன் அம்மா கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, "மாதாகிட்டயே ஏத்துவோம்" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் கோயில் பக்கம் நடந்தார்.