பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடும் பாரூக்

உமர் பாரூக் இறந்தபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. கணபதிப் பகுதியில் நாங்கள் வேலை பார்த்த மோட்டார் பட்டறையில் அவன் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவான். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே மோட்டார்களை ஓட்டிப் பார்த்துச் சான்று எழுதும் வேலையில் இருந்தேன். அவன் கட்டியது என் மேஜைக்கு வந்தால் ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போடலாம்.

கோட்டைமேட்டில் அம்மாவோடும் தங்கை மிஸ்பாவோடும் இருந்தான். சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வான். ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவான். கூடுதல் வேலை இருந்தால் காலை ஏழு மணிக்கே வந்து செய்வான். மாலையில் மட்டும் ஒரு நிமிஷம் நிற்க மாட்டான். லேத் ஓட்டும் தம்பிதுரை அவனுக்கு 'அஞ்சரை பாய்' என்று பெயர் வைத்திருந்தான். பொழுது சாய்ந்ததும் தொழும் மஹ்ரிப் தொழுகைக்குப் போகிறான் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். சாமி காரியத்தில் ஒருவரைத் துருவிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. முதலாளிகூடக் கேட்டதில்லை.

1994-இல் பொங்கல் நோம்பி முடிந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பாரூக்கும் தம்பிதுரையும் கொடுமுடிக்குப் போனோம். அங்கே காவிரியின் நடுவே ஒரு திட்டு இருக்கிறது. சுற்றிலும் நாணல், நடுவில் பனைகள், அவற்றுக்கு அப்பால் ஒரு பாறைக் கரடு. அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று தம்பிதுரை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்களை இறக்கிவிட்ட பரிசல்காரர் சென்னியப்பன், "எத்தன மணிக்குங்க வரட்டும்?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிங்க" என்றான் பாரூக் உடனே.

"அட, பெரியவங்களுக்கு மணிக் கணக்குச் சொல்லுவீங்களா பாய்?" என்று தம்பிதுரை அவனை அடக்கினான். "உங்க சௌகரியம் பாத்து வாங்க மாமா. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

பாரூக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பரிசல் அதற்குள் சுழன்று போய்விட்டது.

திட்டைச் சுற்றி நடக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாணலை விலக்கி விலக்கிக் கையெல்லாம் கீறல். கரட்டில் பாரூக்தான் முன்னால் ஏறினான். உச்சியில் நின்றுகொண்டு, அக்கரையில் ஒரு பெண் காயப்போடும் சேலைக்கு என்ன நிறத்தில் கரை என்று சொன்னான். எங்களுக்குச் சேலையே சரியாகத் தெரியவில்லை. பாரூக் வீட்டுக் கோழிக் குழம்பைக் கண்டதும் தம்பிதுரை, "எம்பொண்டாட்டி கட்டிக் குடுத்த புளிச்சோத்த மீனுக்குப் போட்டுர்றேன். ஊருக்குப் போயி வாயத் தொறந்துபோடாதீங்க, சாமிகளா" என்று கும்பிட்டான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பாரூக் சொன்னான். ஈரோட்டில் பெண் பார்த்திருக்கிறார்கள், பெயர் சித்திகா. அவளுடைய அத்தா பட்டறைக்கு விசாரிக்க வருவார்.

"உங்க மாமனாரை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க பாய்" என்றான் தம்பிதுரை. "நீங்க இருக்க மாட்டீங்க. உள்ளது பூராத்தையும் சொல்லிப்போடறோம்."

பாரூக் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

இரண்டு மணிக்குப் பரிசல் வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. அவசரமில்லை என்று சொன்னதால்தான் சென்னியப்பன் தாமதிக்கிறார் என்று புரிந்தது. பாரூக் தண்ணீர் ஓரத்துக்கும் பனை மரத்துக்குமாக நடந்தான். ஆறு மணியானதும் தம்பிதுரை, "பாய், உங்க நேரமாயிருச்சு. நீங்க நிம்மதியாத் தொழுவுங்க. நாங்க அக்கட்டப் போயிப் பரிசலப் பாக்கறோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போனான். தொழுகிறவன் எதிரில் நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

பரிசல் வந்தது. கூப்பிட்டோம், பதில் இல்லை. நான் தேடிப் போனேன். விட்டுப்போன இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பனையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். இடுப்பு வரை நனைந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. ஆற்றுக்குள் இறங்கிவிட்டுத் தடவித் தடவி மேலே வந்திருக்கிறான்.

"பாரூக்கு" என்றேன்.

"ஆரு, கிருபாவா? எங்க நிக்கற?"

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் தாடையில் இருந்த மச்சம்கூட எனக்குத் தெரிந்தது.

"சின்னதுல இருந்தே இப்பிடித்தான்" என்றான். "பொழுது எறங்கிட்டா ஒண்ணும் தெரியாது. டாக்டருங்க மருந்தில்லைன்னுட்டாங்க. தொழுகைன்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்க, நானும் உட்டுட்டேன். நான் ஊட்டுக்குப் போய்ச் சேர்றதுதான் பெருசா இருக்கும். தொழுகையெல்லாம் அப்பறந்தான்."

"பொண்ணு ஊட்டுல சொல்லீட்டயா?"

"சொன்னா நின்னு போயிரும் கிருபா. கலியாணம் ஆகட்டும், அவகிட்ட நானே சொல்லிர்றேன். அதுவரைக்கும் நீ ஆருகிட்டயும் சொல்லிப்போடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு பரிசலுக்கு நடந்தான். "என்ன பாய், கலியாணத்துக்கு இப்பவே தோளப் புடிச்சுப் பழகறீங்களா?" என்று கேட்டான் தம்பிதுரை.

பத்து நாளில் சித்திகாவின் அத்தா வந்தார். என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, "தம்பி, நீங்க படிச்சவரு. எம்பொண்ண உங்க தங்கச்சியாட்ட நெனச்சுச் சொல்லுங்க. பையனுக்குக் கொறை ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டார்.

"ஒரு கொறையுமில்லீங்க. தங்கமான ஆளுங்க. பொழுதோட ஊட்டுக்குப் போயிருவாருங்க" என்றேன்.

கடைசியில் சொன்னது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் மகள் நிதா பிறந்தாள். சித்திகாவிடம் சொல்லிவிட்டாயா என்று ஒருமுறை கேட்டேன். "சொல்லோணும்" என்றான். "ஊட்டுக்குள்ள அடி அளந்து வெச்சிருக்கேன். அவளுக்குத் தெரியாமயே ஓடுது." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

1996 நவம்பரில் சரவணம்பட்டியில் ஒரு விவசாயி, கோவிந்தராஜுலு என்று பெயர், புதிதாகக் காயில் கட்டிய மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லை என்று ஆள் அனுப்பினார். மத்தியானம் பாரூக் போனான். மோட்டாரை ஓட்டிப் பார்க்க மூன்று பேஸ் கரண்ட் வேண்டும்; தோட்டங்களுக்கு அதை முறை வைத்துத்தான் விடுவார்கள். இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று பாரூக் காத்திருந்து, அன்று அது வந்தபோது மணி ஆறு. கோவிந்தராஜுலு ஸ்விட்சைப் போட மோட்டார் ரூமுக்குப் போனார். பாரூக் கிணற்று ஓரத்தில் நின்றான். சுற்றுச்சுவர் இல்லாத அறுபதடிக் கிணறு. சத்தம் கேட்டுத்தான் அவர் ஓடி வந்திருக்கிறார்.

மத்தியானம் முழுக்க அந்த ஓரத்திலேயே நின்றவன் எப்படித் தவறி விழுவான், குதித்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். சித்திகாவும் அதைத்தான் நம்பினாள் என்று மிஸ்பா எங்களிடம் சொன்னாள். அன்று காலையில் சண்டை. இரவு நடக்கும் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள், அவன் மறுத்திருக்கிறான். "என்னக் கூட்டிட்டுப் போக வெக்கமா?" என்று கேட்டுவிட்டாள். அவன் சாப்பிடாமல் போய்விட்டான். அதிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

கணவன் இறந்து இத்தா இருக்கும் பெண் வெளி ஆண்களைப் பார்க்கக் கூடாது. நாலு மாதம் பத்து நாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மிஸ்பாவிடம் அன்றே சொல்லி அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை.

இத்தா முடிந்த வாரம் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள்.

"அவரு குதிக்கலீங்க அம்மணி" என்றேன். "பொழுது எறங்குனா அவருக்குக் கண்ணு தெரியாது."

"அந்தக் கலியாணத்துக்கு வரமாட்டேன்னது அதனாலயா?" என்றாள்.

"அதனாலதானுங்க."

அழுதாள். முடித்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கு எப்பத் தெரியுமுங்கண்ணா? எங்கத்தா உங்களக் கேக்க வந்ததுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னயே."

அவள் திட்டியிருக்கலாம். "தெரிஞ்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேனுங்கண்ணா. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள்.

நான் எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்த மிஸ்பா, "மதினி இன்னைக்குச் சோறு திம்பாங்கண்ணா" என்றாள். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்றாள்.