என் உயரத்துக்கு ஒரு சமையலறை

எனக்கு வலது முழங்கால் மடங்காது. மகளைச் சுமந்திருந்தபோது கொல்லைப்புறத்து ஈரக்கல்லில் வழுக்கி விழுந்தேன். பிரசவம் நல்லபடியாக முடிந்தது, கால்தான் கெட்டுப்போனது. அன்றிலிருந்து அடுப்புக்கு முன்னால் ஒரு காலை மடித்து, இன்னொரு காலை நீட்டித்தான் உட்காருவேன். நீட்டிய கால் நெருப்புப் பக்கம் போகும். சேலைக் கரை பற்றிக்கொண்டதும் உண்டு. எழுந்திருக்க வேண்டுமென்றால் சுவரைப் பிடித்து, முழங்காலில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழ வேண்டும். உட்கார்ந்த பிறகுதான் உப்பு மாடத்தில் இருப்பது ஞாபகம் வரும். ஒரு குழம்பு கொதித்து இறங்குவதற்குள் நான் எத்தனை முறை எழுந்து உட்காருகிறேன் என்று என் வீட்டுக்காரர் ஒருநாளும் பார்த்தவரில்லை. அவர் பார்த்ததெல்லாம் குழம்பைத்தான்.

சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். சொன்னேன். "எல்லாப் பொம்பளைங்களும் உக்காந்துதான் சமைக்கிறாங்க. பழகிடும்," என்று சொல்லிவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போடப் போய்விட்டார்.

அப்போது நாங்கள் பிரேசர் டவுனில் இருந்தோம். அவர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய துரையின் மனைவி, ஆபீஸ்காரர்களின் வீட்டுப் பெண்களை பங்களாவுக்கு டீ சாப்பிடக் கூப்பிட்டாள். மற்றவர்கள் தோட்டத்து ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் கை கழுவும் சாக்கில் பின்பக்கம் போய் சமையலறையை எட்டிப் பார்த்தேன். சமையல்காரர் நம் ஊர்க்காரர்தான், எங்கள் சபையிலேயே பின்வரிசையில் உட்காருகிறவர். மேடை மேல் அடுப்பு. அவர் ராஜா மாதிரி நின்றுகொண்டு கிண்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. துரை வீட்டில் சம்பளத்துக்குச் சமைக்கிறவர் நிற்கிறார், சொந்த வீட்டில் சமைக்கிற நான் தரையில் புரளுகிறேன்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே அந்த மாதிரி ஒரு மேடையை அடுப்புக்கரியால் சுவரில் படம் போட ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். பிறகு அவருடைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் தன் வீட்டு ஹாலில் கண்ணாடி பீரோ வாங்கி வைத்தார். போய்ப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்குத் தூக்கமில்லை. தண்டில் யார் வீட்டிலும் இல்லாத ஒன்று தன் வீட்டில் இருக்க வேண்டும். காலையில் என் கரிப்படத்துக்கு முன்னால் காபி டம்ளரோடு நின்றார். "செய்யலாம், செய்யலாம்," என்றார். எதற்காகச் செய்தால் என்ன, செய்தால் சரி என்று நான் கயிறு தேடப் போனேன்.

அளவெல்லாம் நானே எடுத்தேன். ஒரு சணல் கயிற்றின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, என் மணிக்கட்டுக்கு ஒரு முடிச்சு, தோளுக்கு ஒரு முடிச்சு, கையைத் தூக்கினால் எட்டும் இடத்துக்கு ஒரு முடிச்சு. நீலசந்திராவிலிருந்து வந்த ஆச்சாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா கயிறு?"

"அது நான்தான். மணிக்கட்டு முடிச்சுக்கு மேடை வரணும். மேல் முடிச்சுக்கு மேல ஒரு சாமானும் வரக் கூடாது."

அப்படியே செய்து கொடுத்தார். முழுக்கத் தேக்கு. கீழே பாத்திரத்துக்கு அலமாரிகள், அவற்றின் மேல் கடப்பைக்கல், கல்லின் மேல் மூன்று கரி அடுப்பு. மிளகாய், மல்லி, புளி, எல்லாவற்றுக்கும் தனித்தனி இழுப்பறை, உள்ளே தகரம் அடித்தது. பாலும் கறியும் வைக்கக் கம்பிவலை அலமாரி, எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணங்கள். பாத்திரம் கழுவத் தகரத் தொட்டி, அதற்கு மேல் குழாய். புகை போகத் தகரக் கூண்டு. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அரிவாள்மணைதான். மேடைக்கு அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தால், அதன் முனையில் அரிவாள் நிமிர்ந்து நிற்கும். நின்றபடியே காய் நறுக்கலாம். அதை யோசித்துக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்று. எங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது, புகைக்கூண்டைத் தவிர எதையும் சுவரில் கட்டக் கூடாது, எல்லாம் ஸ்க்ரூதான். பட்டாளத்து ஆபீசர்களின் மேஜை நாற்காலியெல்லாம் அப்படித்தானாம், மாற்றல் வந்தால் கழற்றி வண்டியில் ஏற்றிவிடலாமாம். எங்களுக்கு எந்த மாற்றல்? ஆனாலும் ஸ்க்ரூ போட்டார்கள்.

பாஸ்டர் ஐயா வந்து ஜெபம் செய்தார். வந்தவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தார்கள். "ஷோக்கா இருக்குது சார்," என்றார்கள். "நானே டிசைன் பண்ணேன்," என்றார் அவர். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகட்டும், பேரை அவரே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மேடை போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கரி மூட்டப் போனேன். "ஞாயித்துக்கிழமை துரை பாக்க வர்றேன்னிருக்கார். அதுவரைக்கும் பொறுத்துக்கோ. கரி புடிச்சிடும்," என்றார். பொறுத்தேன். துரை வந்தார், குனிந்து ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்தார், போனார். பிறகு ஈஸ்டருக்குத் தன் அண்ணன் குடும்பம் கோலாரிலிருந்து வருகிறது என்றார் என் வீட்டுக்காரர். அப்புறம் வார்னிஷ் இன்னும் நன்றாகக் காய வேண்டும் என்றார். அதற்குள் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை எழும்பிவிட்டது. "சும்மா கொஞ்ச நாளைக்கு." கொட்டகையில் மூன்று கல், சவுக்கு விறகு, தரையில் நான்.

பூட்டு ஒன்று போட்டிருந்தால் உடைத்திருப்பேன். கதவு திறந்தேதான் இருக்கும். தினமும் நானே போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வருவேன். இதைவிடக் கேவலம் உண்டா? ஒருநாள் பொறுக்கமுடியவில்லை. அவர் ஆபீஸ் போனதும் மூன்று அடுப்பையும் மூட்டினேன். சோறு, கறிக்குழம்பு, பீன்ஸ் பொரியல். நின்றுகொண்டே. கை எட்டிய இடத்தில் உப்பு, திரும்பினால் தண்ணீர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் வாசற்படியில் நின்று, "அம்மா, நீ இவ்ளோ ஒசரமா?" என்று கேட்டாள். நான் அடுப்புக்கு முன்னால் நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அவர் வந்தார். வாசனையிலேயே தெரிந்துவிட்டது. திட்டவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அலமாரிக் கதவுகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் துடைத்தார். நான் மத்தியானமே துடைத்துவைத்த கதவுகள். துடைத்துவிட்டுக் கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கறுப்பு இருக்கிறதா என்று. அன்று அவர் சாப்பிடவில்லை. அழாத குறைதான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு என்னவோ விட்டுப்போயிற்று. அடித்திருந்தால்கூட மறுநாள் மறுபடி மூட்டியிருப்பேன். நான் கொட்டகைக்கே போய்விட்டேன்.

மகள் கொட்டகையில்தான் சமையல் பழகினாள். பெண் பார்க்க ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வந்தார்கள், பரம்பரையாக அங்கேயே இருக்கிற நம் ஜனங்கள். காபி குடித்ததும் வழக்கம்போல் சமையலறை ஊர்வலம். "எம் பொண்ணு தரையில உக்காந்து அடுப்பு ஊதினதே இல்லீங்க," என்றார் இவர். தட்டோடு நின்றிருந்த மகளின் தலைமுடியில் சவுக்குப் புகை வாசனை எனக்கு அடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்ல இந்த வசதியெல்லாம் இல்லீங்களே. பொண்ணு எப்படிச் சமாளிக்கும்?"

"அதுக்கென்னங்க, இதையே கழட்டி அனுப்பிடறேன். எல்லாம் ஸ்க்ரூதானே," என்றார் இவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அவளும் என் உயரம்தான். என் மணிக்கட்டும் அவள் மணிக்கட்டும் ஒரே இடம். என் கால் போனது போனது, அவள் காலாவது பிழைக்கும். ஒரு முழு நாள் நானே உட்கார்ந்து இழுப்பறைகளுக்கெல்லாம் எண்ணெய் தடவினேன். மாட்டுவண்டியில் ஏற்றும்போது, "அரிவாள் பலகையைப் பாத்து, பாத்து," என்று வண்டிக்காரரைப் பாடாய்ப் படுத்தினேன். வண்டி போனபிறகு, காலியான சுவரில் தகரக் கூண்டு மட்டும் தொங்கியது. அந்த அறையில் அவர் சைக்கிளை நிறுத்திக்கொண்டார்.

கல்யாணமாகி ஏழெட்டு மாசம் கழித்துப் பலகாரத்தோடு மகளைப் பார்க்கப் போனேன். சம்பந்தி வீட்டு ஹாலில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. எதிர்ச்சுவரில் என் சமையலறை. கடப்பைக்கல்லின் மேல் லேஸ் துணி, துணியின் மேல் பீங்கான் பொம்மைகள், ஓரத்தில் ரேடியோ. கம்பிவலை அலமாரியில் சம்பந்தியின் மருந்துப் புட்டிகள். பலகையில் அரிவாளைக் கழற்றிவிட்டு, அது நின்ற ஓட்டையில் பேனா செருகியிருந்தார்கள்.

சம்பந்தி ஈசிசேரிலிருந்து எழுந்து வந்தார். "உங்க வீட்டுக்காரர் மூளையே மூளைம்மா. வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. சமையக்கட்டுல வச்சா வீணா கரி புடிச்சிடும்ல?"

நான் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் கையைத் தொங்கவிட்டு நின்றேன். விளிம்பு சரியாக மணிக்கட்டில் வந்து இடித்தது. "இது என் உயரம்," என்றேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க."

மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். இருட்டறை, ஒரே புகை. தரையில் அடுப்பு. ஊதிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து, முழங்காலில் கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு ஆறு மாசம். காலெல்லாம் வீங்கியிருந்தது.

"ரொம்ப வலிக்குதாடி?"

"இல்லம்மா. பழகிப்போச்சு," என்று சிரித்தாள்.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்கப்போகிறேன் என்று முன்பே தெரிந்திருந்தால், அந்தத் தேக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக என் தகரக் கொட்டகை அடுப்பில் வைத்துச் சமைத்திருப்பேன். நல்ல மரம், நன்றாக எரிந்திருக்கும்.