வஞ்சிரம் டப்பாவில் மாம்பழம்

என் வீட்டு மிக்ஸியில் எதை அரைப்பதற்கு முன்பும் ஜாருக்குள் விரலை விட்டு பிளேடின் நான்கு நுனிகளையும் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அரைத்து முடித்ததும் மறுபடி ஒரு முறை. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். "இன்னும் எத்தன வருஷம்மா எண்ணுவ?" என்று கேலி செய்வாள். நான் நான்காவது நுனியையும் தொட்டுவிட்டுத்தான் கையை எடுப்பேன். இந்தப் பழக்கம் தொடங்கிய கோடையில் அவளுக்கு எட்டு வயது.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். கீழே நாங்கள், மேலே என் கணவரின் தங்கை. அவள் கணவர் மணலியிலிருந்து டேங்கர் லாரி ஓட்டிக்கொண்டு போனால் நான்கு நாள், ஐந்து நாள் ஆகும் திரும்பி வர. அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவருக்கு எண்ணூரில் ஷிப்ட் வேலை. எனக்கு ஹார்பர் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை. காலை எட்டேகாலுக்கு ரயிலேறினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வீடு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகள் நாள் முழுக்க மாடியில் இருப்பாள். எனக்கு அது பெரிய உதவி. ஆபீசில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்: என் நாத்தனார் தங்கம், அவள் இல்லையென்றால் என்னால் வேலைக்கே வர முடியாது.

அந்தக் கோடையில் தெருமுனை திரும்பும்போதே மாடியில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும். மாவு அரைக்கும் சத்தம் வேறு, இது வேறு. முதலில் கூழாங்கல்லை உருட்டுவது போல ஒரு கடகடப்பு, விட்டு விட்டு. அப்புறம் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி வழவழவென்று ஆகும். அந்த நேரம் பார்த்து என் மகள் சிரிப்பாள். வீட்டுக்குள் என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மாம்பழ ஐஸ். நாத்தனார் பங்கனபள்ளி மாம்பழத்தைத் துண்டு போட்டு, ஒரு வாழைப்பழத்தையும் வில்லை வில்லையாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் மிக்ஸியில் இரண்டு ஸ்பூன் பால் விட்டு அடித்துக் கொடுப்பாள். சர்க்கரைகூடக் கிடையாது. மகள் கீழே இறங்கி வரும்போது உதட்டில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும். நான் ஆபீஸ் புடவையைக்கூட மாற்றாமல் தோசை ஊற்றி வைத்தால், "வயிறு ஃபுல்லும்மா" என்பாள்.

"அப்டி இன்னாடி கீது அதுல?"

"வழவழன்னு இருக்கும்மா. கடையில விக்கிற மாதிரி. அத்த எனக்கு மட்டும்தான் பண்ணும்."

எனக்கு மட்டும்தான் என்ற அந்த வார்த்தைதான் என்னைத் தின்றது. அதற்கு முன்பே ஒன்று இருந்தது, மீன் முள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில் சேர்ந்து சாப்பிடுவோம். மகள் தன் தட்டை என் பக்கம் தள்ளமாட்டாள். அத்தைதான் முள் எடுக்க வேண்டும். நாத்தனார் கண்ணால் பார்க்கவே மாட்டாள். பேசிக்கொண்டே விரல் நுனியால் மீனைத் தடவித் தடவி, தலைமுடி போன்ற முள்ளைக்கூட எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்துவிடுவாள். நான் எடுத்துக் கொடுத்தால் மகள் வாயில் வைத்து நாக்கால் ஒரு முறை துழாவிய பிறகுதான் மெல்லுவாள். அதைப் பார்த்துப் பார்த்து நான் பொறுத்துக்கொண்டேன். ஐஸ் வந்தபோது என்னால் முடியவில்லை.

ஒரு புதன்கிழமை நானும் மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது, ஃப்ரீசர் இன்னும் சின்னது. அது மாம்பழத்துக்கான இடமே இல்லை. ஞாயிறு காலையில் கணவர் காசிமேட்டிலிருந்து வாரத்துக்கான மீனை மொத்தமாகக் கொண்டு வந்துவிடுவார். நான் உட்கார்ந்து கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, செவ்வாய்க்கு ஒரு டப்பா, வியாழனுக்கு ஒரு டப்பா என்று அடுக்கிவிடுவேன். வேலைக்குப் போகிறவளுக்கு அதுதான் வழி. மாடியில் அப்படி இல்லை. அவள் அன்றைய மீனை அன்றைக்கே குழம்பு வைத்துவிடுவாள், அவள் ஃப்ரீசரில் ஐஸ் தட்டும் மாம்பழமும்தான். நான் காலியாக இருந்த வஞ்சிரம் டப்பாவைச் சோப்பு போட்டு இரண்டு முறை தேய்த்தேன், ஃபேனுக்கடியில் காய வைத்தேன், முகர்ந்து பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்த ஃப்ரீசரைத் திறந்து மூடுகிறவள் மூக்குக்கு என்ன தெரியும்? மாம்பழத்தை நறுக்கி அதில் போட்டு, இறால் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அடித்துக் கொடுத்தேன். மகள் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். முகம் கோணியது. என் மனம் நோகக்கூடாது என்று விழுங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மீன் வாசன வருதும்மா."

துணி எடுக்க இறங்கி வந்திருந்த நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா அண்ணி, வஞ்சிரம் ஐஸா? இதுக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சி வெங்காயம் வெட்டி வெக்கணுமே!"

மகளும் சிரித்தாள். அத்தை சிரித்ததால் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. இன்று யோசித்தால் நானும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. நான் சொன்னது வேறு.

"அடுத்தவ புள்ளைய வெச்சிகினு இன்னும் எத்தன நாளைக்கிதான் வெளாடப் போற?"

நாத்தனார் கையில் இருந்த துணிகளைச் சேர்த்து மார்போடு பிடித்துக்கொண்டாள். படியேறிப் போனாள். அந்தப் படி மொத்தம் பதினான்கு. ஒவ்வொரு படியும் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் கீழே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன்கூடத் தனித்தனியாகத்தான். ஆனால் மகள் மேலே போவதை அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் ஆபீசுக்குப் போக முடியாது. சாயங்காலம் மிக்ஸி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிரிப்புச் சத்தம் மட்டும் குறைந்திருந்தது. அது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்ததை இங்கே எழுதாமல் விடுவது நியாயமில்லை.

இன்னொரு முறை செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அந்த வாரம் மீன் வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். "இன்னா உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மீதியிருந்த இறாலை அவர் கையிலேயே மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். அன்று மகள் மேலே இறால் தொக்கு சாப்பிட்டுவிட்டு வந்து, "சூப்பரா இருந்துச்சும்மா" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன். ஃப்ரீசரை அணைத்து, சோடா உப்பு போட்டுத் துடைத்து, புது டிபன் பாக்ஸ் ஒன்றில் மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் அழுத்தி அழுத்தி நிரப்பி வைத்தேன். நாத்தனார் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி வைப்பாள் என்பதோ, அரைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து வைப்பாள் என்பதோ எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கிற வாயை நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் அதுவரை மகளோடு இருந்துவிட்டு அப்போதுதான் ஷிப்டுக்குப் போயிருந்தார். மகள் என்னைப் பார்த்துவிட்டு மாடிப்படியில் ஏறப் போனாள்.

"எங்கடி?"

"அத்தகிட்ட."

"ஒரு நிமிஷம் இரு. இன்னிக்கி நம்ப வூட்லயே ஐஸ்."

அவள் முகத்தில் தயக்கம் தெரிந்தது. "மீன்..."

"இல்ல. சத்தியமா இல்ல."

மூன்றாவது படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரமும் எழுந்து ஓடிவிடுவாள் என்று எனக்குப் பட்டது. டிபன் பாக்ஸைக் குழாயடியில் கவிழ்த்தேன். மாம்பழம் ஒரே கட்டியாகச் செங்கல் மாதிரி விழுந்தது. கத்தி இறங்கவில்லை. பூரிக்கட்டையால் ஓங்கிப் போட்டதில் நான்கு பெரிய கட்டிகளாக உடைந்தது. அப்படியே ஜாரில் போட்டு மூடி, ஸ்விட்சைப் போட்டுவிட்டு மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். மிக்ஸி அலறியது. மேடையே அதிர்ந்தது. நடுவில் ஒரு முறை 'டக்' என்று ஒரு சத்தம். கட்டி உடைகிறது என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. லேசாக ஒயர் கருகும் வாடை வந்தது. அதற்குள் சத்தம் இறங்கியது. வழவழவென்று ஆனது. தெருமுனையில் தினமும் நான் கேட்கும் அதே சத்தம், இப்போது என் கைக்குக் கீழே.

டம்ளரில் எடுத்து ஸ்பூனோடு கொடுத்தேன். சாப்பிட்டாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா கீதும்மா. அத்த பண்ற மாதிரியே."

நான் உள்ளே போனபோது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டுகூடப் போனேன் என்று நினைவு. ஜாரில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று கையை விட்டேன். விரல் பிளேடைச் சுற்றி வந்தது. ஒரு நுனி, இரண்டு நுனி, மூன்று. நான்காவது மொட்டையாக இருந்தது.

படிக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. டம்ளரைப் பிடுங்கினேன். பாதி காலியாகியிருந்தது. "துப்பு! துப்புடீ!" என்று அவள் வாய்க்குள் விரலை விட்டேன். அவள் மிரண்டு வீறிட்டு அழுதாள். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. மாடியில் கதவு திறந்தது. நாத்தனார் செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

ஜாரைக் காட்டினேன். அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"கண்ணு, இங்க பாரு. அத்தய பாரு. சாப்டசொல்ல கட்டியா எதனா முழுங்குனியா?"

"இல்ல."

"தொண்டைல குத்துச்சா?"

"இல்ல... அம்மாதான் கைய வுட்டு குத்திச்சு."

நாத்தனார் தாம்பாளத்தை எடுத்து வந்து, முதலில் ஜாரில் ஒட்டியிருந்ததை வழித்துப் பரப்பினாள். நானும் கையை வைத்தேன். எதைத் தொடுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. "நீ வுடு அண்ணி" என்றாள். அவள் விரல் நுனிகள் அந்த மஞ்சள் கூழில் மெதுவாகப் போய் வந்தன, சங்கரா மீனில் போய் வருவது போலவே. கண் தாம்பாளத்தில் இல்லை, மகளின் முகத்தில் இருந்தது. ஜாரில் இருந்ததில் ஒன்றுமில்லை. டம்ளரைக் கவிழ்த்தாள். பாதி தடவியாயிற்று. ஒன்றுமில்லை.

"கீது" என்றாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அரிசி நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. மகள் எடுக்கப்போகும் அடுத்த ஸ்பூனிலோ அதற்கு அடுத்த ஸ்பூனிலோ வந்திருக்கும். நாத்தனார் அதைக் கழுவி, ஜாருக்குள் கையை விட்டு மொட்டை பிளேடோடு பொருத்திப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "முழுசா கீது. வேற எதுவும் போவல" என்றாள். நான் நம்பவில்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். அவரும் தொண்டையை விளக்கடித்துப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மகள் எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழுத களைப்பில் தூங்கிப்போனாள். சாய்ந்தது அத்தையின் தோளில். அவ்வளவு நடந்த பிறகும், அவள் உயிரைக் கையில் எடுத்துக் கொடுத்தவளின் தோள் அது என்று தெரிந்தும், என் நெஞ்சுக்குள் ஏதோ பழையபடி எரிந்தது. அந்த எரிச்சலைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம் வெளிய வெச்சிட்டு அரைக்கணும் அண்ணி" என்றாள் நாத்தனார், ரோட்டைப் பார்த்தபடி. "கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?"

"அன்னிக்கி நான் சொன்னது..."

"அது கீது ஒரு ஓரமா. இப்போ அந்த பேச்ச எடுக்காத."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. கணவர் சங்கரா கொண்டு வந்திருந்தார். வறுத்து, மகளுக்குத் தட்டில் போட்டு முள் எடுக்க உட்கார்ந்தேன். ஒரு முறை எடுத்தேன். மறுபடி பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். தட்டை அவளிடம் கொடுக்கக் கை வரவில்லை. கண்ணால் பார்த்தது எதையும் நான் நம்புகிற நிலையில் இல்லை. மகள் பசியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டை எடுத்துக்கொண்டு பதினான்கு படியும் ஏறினேன். மகள் பின்னாலேயே வந்தாள். நாத்தனார் அடுப்படியில் இருந்தாள். தட்டை நீட்டினேன்.

"நீ ஒரு தபா பாத்துடும்மா."

அவள் தட்டையும் என்னையும் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரல்கள் மீனுக்குள் போயின. சிறிது நேரத்தில் ஒரு முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"ஒண்ணு இருந்துச்சு" என்றாள். குரலில் வெற்றி எதுவும் இல்லை. பிறகு தட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீயே ஊட்டு."

தரையில் உட்கார்ந்து ஊட்டினேன். மகள் நாக்கால் துழாவிப் பார்க்காமல் மென்றாள். அத்தையைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.