கொல்லிமலையில் சாய்வும் வெட்டுத்துண்டும்

கணக்கு டீச்சர் வேலையில் பாதி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் போகும், மீதி நேரம் “இதெல்லாம் எதுக்கு டீச்சர்?” என்பதற்குப் பதில் சொல்வதில் போகும். சாக்பீஸ் தூசியில் தும்மும் சக டீச்சர்களான உங்களுக்கு இது புதிதல்ல. நான் கும்பகோணத்துக்காரி. கொல்லிமலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன்.

சாய்வு பூச்சியம்

பத்தாம் வகுப்பில் y = mx + c என்று எழுதினேன். m என்பது கோட்டின் சாய்வு. கோடு y-அச்சை வெட்டும் இடம் c, அதுதான் வெட்டுத்துண்டு. “m பூச்சியம்னா கோடு எப்படி இருக்கும்?” என்றேன். எடப்புளி நாடு என்ற மலையூரிலிருந்து நடந்து வரும் ரஞ்சிதா எழுந்தாள்.

“மலைக்குக் கீழ காளப்பநாயக்கன்பட்டி ரோடு மாதிரி மட்டமா இருக்குமுங்க டீச்சர், பஸ்ல தூங்கிட்டே போலாம்.”

மில் வேன்

வாயால் சொன்னவள் பேப்பரில் சறுக்கினாள். 3x + 2y = 6 கொடுத்தால் சாய்வு 3, வெட்டுத்துண்டு 6 என்று கண்ணில் பட்டதை எழுதிவிடுவாள். y-ஐத் தனியாக நிறுத்து, பிறகு பார் என்று தொண்டை வறளச் சொன்னேன். பொதுத்தேர்வில் கணக்கு மட்டும் போயிற்று.

அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார். ஈரோட்டுப் பக்கம் நூல் மில்லில் வேலை பேசியாயிற்றாம். ரஞ்சிதா நிமிரவேயில்லை. “துணைத்தேர்வு வரைக்கும் என்கிட்ட அனுப்புங்க” என்று கெஞ்சினேன்.

“அனுப்பறனுங்க. மறுக்காவும் போச்சுன்னா, மில்லு வேன்ல நீங்களே ஏத்தி உடோணும்.”

கோடு எங்கே வெட்டுகிறது?

லீவில் நாங்கள் இருவர் மட்டும். சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு அதே கணக்கைக் கோடாகப் போடச் சொன்னேன். x பூச்சியமானால் y மூன்று. y பூச்சியமானால் x இரண்டு. இரண்டு புள்ளியையும் ஸ்கேலால் சேர்த்தாள். கோடு y-அச்சை 3-இல் வெட்டியது. வெறித்துப் பார்த்தாள். பிறகு, நான் சொல்லாமலே, 2y-ஐத் தனியாக நிறுத்தி எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தாள்: சாய்வு மைனஸ் மூன்றின் கீழ் இரண்டு, வெட்டுத்துண்டு 3.

“கோடு எறங்குது, அதான் மைனஸா? இத்தன நாளா y முன்னாடி நிக்கற அந்த ரெண்ட நான் பாக்கவே இல்லீங்க டீச்சர்!”

பாஸ்

துணைத்தேர்வில் பாஸ். பதினொன்றாம் வகுப்பில் சேர அப்பாவும் மகளும் வந்தார்கள். மில் பேச்சே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எந்த குரூப் கண்ணு?” என்றேன். ரஞ்சிதா முகமெல்லாம் சிரிப்பு.

“கணக்கு இல்லாத குரூப்பா பாத்துப் போடுங்க டீச்சர்.”

நம் தொழிலில் முழு வெற்றி என்பது, பிள்ளை நம் பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டு அதைவிட்டுச் சந்தோஷமாக ஓடிவிடுவதுதான்.