சான்டனில் பூசைக்குக் காத்திருந்தோம்

1988 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கு, ஜேர்மனியில் நாங்கள் இருந்த வுப்பர்டாலில் ரயில் ஏறினோம். போக நினைத்தது கெவலார் மாதா கோயிலுக்கு. போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என்னோடு வந்தவர் திரேசா அக்கா. யாழ்ப்பாணத்தவர், எங்கள் அகதி விடுதியில் அடுத்த அறை. ஊரில் பிடிபட்டுச் சிறையிலிருந்த அவருடைய கணவரைப் பற்றி எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. வெறுங்காலோடு மாதாவிடம் போய் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்த்தி வைத்திருந்தார். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் நகர எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். இரண்டு மாதம் அலைந்து, கெவலாருக்கு மட்டும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்று வாங்கியிருந்தோம்.

கிளேவ என்ற ஊருக்குப் போகும் ரயிலில் ஏறினால் வழியில் கெவலார் வரும் என்று சொல்லியிருந்தார்கள். டூயிஸ்பூர்க்கில் ரயில் மாறும்போது நான்தான் பலகையை வாசித்து அக்காவை ஏற்றினேன். கிளேவவுக்கு இரண்டு பாதைகள் உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை. பத்து மணியளவில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக முதியவர்கள் கூட்டமாக இறங்கினார்கள். யாத்திரிகர்கள்தான் என்று நாங்களும் பின்னால் இறங்கினோம். நிலையத்தில் 'சான்டன்' என்றிருந்தது. கெவலார் என்றில்லாதது மன்னார்க்காரனான எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் ஊரில் மடு றோட் ஸ்டேசனில் இறங்கினால் மடு மாதா கோயிலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் போகவேண்டும்!

அவர்கள் பின்னால் இருபது நிமிட நடை. வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கச் சொன்னார்கள். கோயிலுக்கும் காசா என்று அக்கா திகைத்தார். மூத்திரத்துக்கே காசு வாங்கும் நாடு, கொடுப்போம் என்றேன். உள்ளே வட்டமாகப் படிவரிசைகள், நடுவில் மணல். எது பழைய கல், எது புதுக்கல் என்று பிரித்தறிய முடியவில்லை. கெவலாரில் பூசை திறந்த வெளியில்தான் நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் எல்லாம் பொருந்தியது. அக்கா செருப்பைக் கழற்றி, முக்காடு போட்டு, மணலில் முழந்தாளிட்டார். நானும்தான். பீடம் எங்கே, பூசை வைக்கும் சுவாமியார் எங்கே என்று பார்த்தபடியே ஒரு மணி நேரம் போனது. கூட வந்த முதியவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

கடைசியில் காவலுக்கு நின்ற பெண் வந்து விளக்கினார். ரோமர் காலத்து அரங்கமாம். மனிதரையும் மிருகங்களையும் மோதவிட்டு வேடிக்கை பார்த்த இடமாம். விளங்கிய மட்டில் அக்காவுக்குச் சொன்னேன். எந்த மனிதரை என்று கேட்கச் சொன்னார். கைதிகளையும்தான் என்றார் அந்தப் பெண்.

மாதா எங்கிருந்தாலும் கேட்பார், இங்கேயே ஏற்றிவிடுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"ஏலாது, தம்பி," என்றார் அக்கா. "இங்கை கொண்டுவந்த கைதியள் ஒருத்தரும் திரும்பி வீட்டை போயிருக்க மாட்டினம்."

கெவலார் அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பின்னேரம்தான் பஸ். அதில் போனால் அன்றைக்கே விடுதிக்குத் திரும்ப முடியாது. கடிதமில்லாத ஊரில் நிற்கிறோம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பொலிஸ்காரர் கேட்டாலே இருவருடைய விண்ணப்பத்துக்கும் ஆபத்து. வந்த வழியே திரும்பினோம்.

திங்கட்கிழமை அரச கந்தோருக்குப் புதுக் கடிதம் கேட்கப் போனோம். அலுவலர் எங்களை மறக்கவில்லை. கெவலாரில் பிரார்த்தனை நன்றாக நடந்ததா என்று சிரித்த முகத்தோடு கேட்டார். இல்லை என்றால், எங்கே போனீர்கள் என்பார். அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நடந்தது என்று அக்கா தலையாட்டினார். அப்படியானால் இந்த வருடத்துக்குப் போதும் என்று அலுவலர் எங்கள் கோப்பை மூடிவிட்டார்.

படியிறங்கும்போது அக்கா கேட்டார்: "கந்தோரிலை போனன் எண்டு சொல்லிப்போட்டன். இனி மாதாவுக்கு என்னத்தைச் சொல்லுறது, தம்பி?"