தாவீதும் மேடைக்கான சரிவுப் பலகையும்

ஐயம்பேட்டை சாலையில் உள்ள அந்தக் கல்யாண மண்டபத்துக்குத் தாவீதுதான் மேனேஜர். முசரவாக்கத்துக்காரர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் கவலை இவருக்குத்தான். கரண்ட் போய்விடுமோ, தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று மொட்டைமாடிக்கும் மோட்டார் அறைக்கும் நடந்தே இளைத்துப்போனவர். ஆனால் சங்கீதா கல்யாணத்தன்று அவரைப் பிடித்திருந்த பயம் வேறு.

சங்கீதாவின் அம்மா தில்லையம்மாள் பட்டு நெய்துகொண்டிருந்தவர். முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில் பையன்கள் சிலர் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேடையேற்றப் போனார்கள். நாற்காலி சாய்ந்து, புடவை விலகி, அத்தனை பேர் முன்னால் விழுந்தார். அதன்பின் எந்த விசேஷத்துக்கும் அவர் போனதில்லை. மண்டபம் பேச வந்த அன்றே தாவீதிடம் சொல்லிவிட்டார்.

“என்னைத் தூக்கறதா இருந்தா நான் மேடைக்கு வரலப்பா. தாரை வார்க்க என் கை இல்லாட்டியும் போவட்டும்.”

“யாரும் தொட்டுத் தூக்க மாட்டாங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு.”

வாசலில் சாய்தளம் இருந்தது. மேடைக்குத்தான் இல்லை. தாவீது முதலாளியிடம் கெஞ்சி, நீளமான சரிவுப் பலகை ஒன்று செய்ய வைத்தார்.

முகூர்த்தத்தன்று காலையில் மேடையருகே பலகையைக் காணோம். நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பந்திக்கூடம், ஜெனரேட்டர் கொட்டகை என்று ஓடி, கடைசியில் சமையல்கட்டில் கண்டுபிடித்தார். சமையல்காரர் ஆதிகேசவன் எண்ணெய் டின்களையும் அண்டாக்களையும் அதன்மேல்தான் சறுக்கி இறக்கியிருந்தார். பலகை எண்ணெயில் பளபளவென்று மின்னியது.

“இன்னாண்ணே இது!”

“சும்மா வழுக்கிக்கினு போவுது மேனேஜர். யார் பண்ணதோ, கெட்டிக்காரன்பா!”

“அது அண்டாவுக்கு இல்லண்ணே, பொண்ணோட அம்மாவுக்கு!”

ஆதிகேசவனின் சிரிப்பு நின்றது. கடலை மாவை அள்ளிக் கொட்டித் தேய்க்கச் சொன்னார். தேங்காய் வந்த கோணிகளை அவரே பிரித்துக் கொடுத்தார். மேடையருகே தாவீது பலகையைச் சாய்த்து, கோணியை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா கந்தன் வேர்த்துப்போய் வந்தார்.

“ஐயர் கூப்பிட்டுக்கினே இருக்காரு. பசங்களை வெச்சுத் தூக்கிடலாமா?”

“வேணாங்க. இதோ முடிஞ்சிடுச்சி,” என்றார் தாவீது. கடைசி ஆணியை அடித்தார்.

தில்லையம்மாள் நாற்காலியை நகர்த்திப் பலகையருகே வந்தார்.

“வழுக்குமா, தாவீது?”

தாவீது சுத்தியலைக் கீழே வைத்தார்.

“எண்ணெய் பட்டுடுச்சிம்மா. தொடச்சிக் கோணி அடிச்சிருக்கேன். நான் ஏறிப் பாத்தப்ப வழுக்கல. சக்கரத்துக்கு எப்படின்னு தெரியல.”

அந்த அம்மாள் கோணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

“பின்னாலயே இரு. விட்டுடாதே.”

பாதிப் பலகை ஏறியபோது ஓர் ஆணி கிறீச்சிட்டது. தாவீது பின்னாலிருந்து நாற்காலியின் பிடியை இறுக்கினார். தில்லையம்மாள் சக்கரங்களை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினார். நாற்காலி மேடையில் ஏறியது.

தாரை வார்த்தபோது செம்பு அவர் கையில்தான் இருந்தது. மகள் கை நனைந்தது. கூட்டம் அட்சதை போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடியது. தாவீது மட்டும், மறுபடி யாரும் தூக்கிப்போய்விடாதபடி, பலகையை மிதித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

“சாப்பிடப் போவலயா?” என்று கேட்டார் தில்லையம்மாள்.

“நீங்க இறங்கணுமேம்மா.”

“நான் எங்கப்பா இப்ப இறங்கப் போறேன்? இன்னும் ஒரு போட்டோகூட எடுக்கல. போ, போய்ச் சாப்பிடு.”

தாவீது பலகையிலிருந்து காலை எடுக்கவில்லை.